மாத்தளை வீதியும் தரம் நான்கின் பாடமும்

மாத்தளை மாவட்டத்தில், இரத்தோட்டைக்கு மேலேயுள்ள மலைச்சரிவுத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் நான்கு மாணவர்கள் இந்த வாரம் தாம் வாழும் பிரதேசத்தைப் பற்றிப் படிக்கிறார்கள். "சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்" என்னும் பாடத்தின் கீழ் வருவது இது. வீடு, அயல், பாடசாலை, ஊர், ஊரிலுள்ள முக்கிய இடங்கள் என்று பிள்ளை தன் காலடியிலிருந்து தொடங்கி வெளியே பார்க்கப் பழக வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம். நல்ல நோக்கம்தான். நாங்கள் அரிவரி படித்த காலத்தில் இப்படியொரு பாடம் இருக்கவில்லை. நாங்கள் எங்கள் ஊரை அறியுமுன்னரே விக்டோரியா மகாராணியை அறிந்து வைத்திருந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள்.

கரும்பலகையில் மாத்தளை மாவட்டத்தின் முக்கிய இடங்கள் எழுதப்பட்டிருந்தன: அலுவிகாரை, தம்புள்ளை, சீகிரியா, நாலந்தா கெடிகே, முத்துமாரியம்மன் கோயில், வீர புரன் அப்புவின் நினைவு. பிள்ளைகள் அதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். பின்னர் ஆசிரியை, உங்கள் தாத்தாவின் தாத்தா இந்த இடத்துக்கு எங்கிருந்து, எப்படி வந்தார் என்று வீட்டிலே கேட்டு வரும்படி சொன்னதை நினைவூட்டி, ஒவ்வொருவராகக் கேட்டார். ஒரு சிறுவன் "கோச்சியில வந்தாங்க" என்றான். இன்னொருத்தி, "கண்டியில இருந்து" என்றாள். மூன்றாவது பெண்பிள்ளை சிறிதும் தயங்காமல், "நாங்க எப்பவும் இங்கதான் டீச்சர்" என்றாள்.

அந்தப் பதிலை நான் குறைசொல்ல மாட்டேன். ஐந்தாறு தலைமுறை ஒரே மண்ணில் வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளை வேறு என்ன சொல்லும்? ஆனால் கரும்பலகையில் எழுதியிருந்த இடங்களை இணைக்கும் வீதி ஒன்று உண்டு. தம்புள்ளையிலிருந்து நாவுல, நாலந்தா வழியாக அலுவிகாரையைக் கடந்து மாத்தளை நகருக்குள் நுழைகிற அந்த வீதியில்தான் இந்தப் பிள்ளைகளின் முன்னோர் நடந்து வந்தார்கள். இடங்களெல்லாம் பாடத்தில் இருக்கின்றன. வீதி மட்டும் இல்லை.

அந்த வீதியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் பகுதிகளிலிருந்து புறப்பட்டவர்கள் பாம்பன் கரைக்கு நடந்து, அங்கிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். பின்னர் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று காடு வழியே தெற்கு நோக்கி நடை. வரட்சியும் மலேரியாவும் நிறைந்த வன்னிக் காடும் வடமத்திய மாகாணக் காடும் முடிந்து, நிலம் மெல்ல மேடேறி, குளிர்காற்று முகத்தில் படும் முதல் நகரம் மாத்தளை. ஆங்கிலேயர் இப்பாதையை "வடக்கு வீதி" என அழைத்தார்கள். மாத்தளையே அதன் வாசல். அங்கிருந்துதான் கங்காணிமார் தத்தம் கூட்டங்களைப் பிரித்துக்கொண்டு கண்டி, புசல்லாவை, பதுளைப் பக்கங்களுக்குக் கொண்டு போனார்கள்.

வந்து சேராதவர்கள் எத்தனை பேர்? வாந்திபேதி, அம்மை, காய்ச்சல், பசி ஆகியவற்றால் வழியிலும் தோட்டங்களிலும் இறந்தோருக்கு முறையான பதிவு இல்லை. 1841 முதல் 1848 வரையான காலத்தில் மட்டும் எழுபதாயிரம் பேர் மாண்டிருக்கலாம் என்று அக்காலத்துக் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை கணக்கிட்டது. வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அது. இத்தொகை மிகையா, குறைவா என்ற வாதம் ஆய்வாளரிடையே உண்டு. பாதியாகக் குறைத்தாலும் அது ஒரு பெருஞ்சாவுதான். மனிதரை எண்ணாத ஆட்சி கோப்பி மூட்டைகளைத் துல்லியமாக எண்ணி வைத்திருந்தது என்பதை அக்கால ஏற்றுமதிக் கணக்குகளைப் புரட்டுவோர் காணலாம்.

இவ்விடத்தில் இன்னொரு கதையையும் சொல்லியாக வேண்டும். அது இந்தப் பிள்ளைகள் படிக்கும் கதை. 1848 யூலை மாதம், ஆளுநர் டொரிங்டன் பிரபுவின் புதிய வரிகளுக்கு எதிராகக் கண்டிச் சிங்கள விவசாயிகள் கிளர்ந்தார்கள். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை, அல்லது மூன்று சிலிங். தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். அவனும் புரன் அப்புவும் தலைமை தாங்கிய கூட்டம் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வந்து யூலை 28 அன்று அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கி, வரிப் பதிவுகளை அழித்தது. மறுநாளே கண்டியில் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். கொங்காலேகொட பண்டா மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டான். அலுவிகாரையின் ஏட்டுச் சுவடிகளும் அந்த அடக்குமுறையின்போது அழிந்தன. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், வாய்மொழியாக வந்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடம் என்ற பெருமைக்குரியது அவ்விகாரை.

கிளர்ச்சியாளர் நடந்ததும் கூலியாட்கள் நடந்ததும் ஒரே வீதி, ஒரே ஆண்டுகள். வேரும் ஒன்றே. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாக்கிற்று. அவை ஏக்கர் ஐந்து சிலிங் என்ற அற்ப விலைக்குக் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. மந்தை மேய்த்த காட்டையும் சேனையையும் இழந்த சிங்களக் கிராமத்தவனும், அந்தக் காட்டை வெட்டக் கொண்டுவரப்பட்ட தமிழனும் ஒரே சட்டத்தின் இரு பக்கங்கள். கிராமத்தவன் தோட்டத்தில் கூலிக்குப் போக மறுத்தபடியால் தமிழன் கொண்டுவரப்பட்டான். முதலாமவனுடைய கதை பாடப்புத்தகத்திற்கு வந்தது. இரண்டாமவனுடையது வரவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லாதபடியால் முதலாவது கதையும் பாதியாகவே நிற்கிறது: வரி புரிகிறது, நிலம் புரிவதில்லை.

இனி, அந்தத் தோட்டங்களுக்குப் பள்ளிக்கூடம் எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம்.

கோப்பிக் காலத்தில் தோட்டத்தில் பிள்ளைகள் அதிகம் இல்லை. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களுக்கு ஆட்கள் வருவார்கள், முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்புவார்கள். ஆண்களே மிகுதி. எனவே கல்வி என்ற பேச்சே எழவில்லை. 1854இல் சில கிறிஸ்தவத் துரைமாரின் நன்கொடையுடன் சர்ச் மிஷன் சங்கத்தார் "தமிழ்க் கூலி மிஷன்" என்ற அமைப்பைத் தொடங்கி, திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரை வரவழைத்து லயன்களுக்கு அனுப்பினார்கள். மாலையில் பிரசங்கம், அதனோடு ஒட்டி எழுத்து. மதமாற்றம் பெரிதாக நடக்கவில்லை. எழுத்து சிலருக்குக் கிடைத்தது. பெயரிலேயே "கூலி" என்று வைத்துக்கொண்ட மிஷனை இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. எனினும் அந்த மலைகளில் முதன்முதல் சிலேட்டைக் கொண்டுவந்தவர்களின் வரிசையில் அவர்களுக்கு இடமுண்டு.

1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி ஒழிந்தது. மாத்தளையில் அதன் இடத்தைத் தேயிலையும் கொக்கோவும், பின்னர் றப்பரும் பிடித்தன. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது. தேயிலை ஆண்டு முழுவதும் கை கேட்கும் பயிர். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் வந்து லயங்களில் நிலைத்தன. குடும்பம் வந்தால் பிள்ளை வரும். பிள்ளை ஒருபக்கம் கையடக்கமான கூலி, இன்னொருபக்கம் தாயின் வேலைக்கு இடையூறு. தோட்டங்களில் பிள்ளைக் காம்பராக்களும், பின்னர் பள்ளிக்கூடங்களும் வந்ததன் பின்னணியில் இந்தக் கணக்கும் இருந்தது. அறத்தினால் மட்டும் வந்தவை என்று நான் எண்ணவில்லை.

1905இல் வேஸ் ஆணைக்குழு ஆரம்பக் கல்வியை ஆராய்ந்தது. அதன் வழியே வந்த 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் சட்டம், தோட்டத் தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதும், அதற்கு ஓர் அறையை ஒதுக்கிப் பராமரிப்பதும் தோட்ட அதிகாரியின் கடமை என்று விதித்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதை மேலும் இறுக்கியது. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் சட்டம் பத்து வயதுக்குக் குறைந்தோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்தது. இந்தச் சட்டங்களின் எண்களை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கல்வி பத்து வயதில் முடிகிறது. வேலை பத்து வயதில் தொடங்குகிறது. பிள்ளைக்குச் சிறிதும் ஓய்வு கொடாமல் ஒரு கதவை மூடி மறு கதவைத் திறந்த நேர்த்தியை என்னென்பது! பத்து வயதில் "பேர் பதிந்து" செக்ரோலில் ஏறிய பிள்ளை அதன்பின் சிலேட்டைத் தொட்டதில்லை.

அந்த வகுப்பில் என்ன கற்பித்தார்கள்? வாசிப்பு, எழுத்து, எண். அவ்வளவே. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள். முதலாம் வகுப்புப் பிள்ளை மணலில் "அ" எழுதும். அதே வேளை மூன்றாம் வகுப்பு உரத்துப் பாடம் ஒப்புவிக்கும். மூலையிலே சிலர் வாய்பாடு சொல்லுவர். ஆசிரியர் பெரும்பாலும் பயிற்சி பெறாதவர். சில தோட்டங்களில் கணக்கப்பிள்ளையே வாத்தியார். பிரட்டு முடிந்த பிறகுதான் பள்ளி. யாழ்ப்பாணத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த ஆசிரியர்களும் உண்டு. வரவுக்கேற்ப அரசாங்கம் உதவிப்பணம் கொடுத்தது. அதனால் பரிசோதகர் வரும் நாளில் மட்டும் வகுப்பு நிரம்பி வழிந்தது என்று முதியோர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். கொழுந்து கூடிய மாதங்களில் மூத்த பிள்ளைகள் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள லயத்தில் தங்கிவிடுவர்.

ஆயினும் தோட்டத்து வாத்தியாரை இலேசாக எடைபோடக் கூடாது. ஊர்க் கடிதங்களை வாசித்துச் சொன்னவர் அவர். மனு எழுதியவர் அவர். மார்கழிப் பஜனையும் காமன் கூத்தும் அவர் மேற்பார்வையில் நடந்தன. பின்னாளில் தொழிற்சங்கக் கிளைகளுக்குக் கணக்கெழுதியவர்களும் அவர் கையில் எழுத்துக் கற்றவர்களே. சில தோட்டங்களில் துரைமார் வாத்தியார் மீது சந்தேகக் கண் வைத்திருந்தது காரணமில்லாமல் அல்ல.

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. நாடு இன்றும் கொண்டாடும் சாதனை அது. கொண்டாட வேண்டியதே. ஆனால் தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் கையிலேயே நின்றன. 1947இல் அவற்றை அரசு ஏற்க வழிசெய்யும் சட்டத்திருத்தம் வந்தும் நடைமுறையில் மிகச் சில பாடசாலைகளே கைமாறின. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்தப் பெற்றோரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதவனுடைய பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாற்ற எந்தப் பாராளுமன்ற உறுப்பினருக்கும் அவசியம் இருக்கவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் சுவீகரித்தபோதும் தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. நாட்டின் ஏனைய பிள்ளைகள் பல்கலைக்கழகம் வரை இலவசமாகப் படித்த மூன்று தசாப்தங்களில், தோட்டத்துப் பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டுவதே அருமையாக இருந்தது.

மாத்தளைக்கு இதனோடு இன்னொரு துயரமும் சேர்ந்தது. நுவரெலியாவைப் போல இங்கே தமிழர் பெரும்பான்மை அல்லர், தோட்டங்கள் சிறியவை, சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறியவை, பல உள்நாட்டவருக்குச் சொந்தமானவை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின்போது இத்தகைய நடுத்தர மலைநாட்டுத் தோட்டங்களே பெரிதும் துண்டாடப்பட்டன. வேலை போயிற்று, 1973, 1974 பஞ்சத்தில் அரிசியும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியா செல்வது, மூன்று இலட்சம் பேர் இங்கே குடியுரிமை பெறுவது என்று முடிவாகியிருந்தது. அதன்படி கோச்சியேறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரமும் மண்டபமும் சென்றவர்கள் ஒருபுறம். 1977 கலவரத்தின் பின் உயிருக்கஞ்சி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள் மறுபுறம். பின்னவர்கள் சென்றது அதே வடக்கு வீதியால்தான். இம்முறை வடக்கு நோக்கி. அவர்களிற் பலருடைய பிள்ளைகள் பின்னர் 2009 வரையான வன்னிப் போரின் நடுவே அகப்பட்டுக்கொண்டதை நாம் அறிவோம்.

அந்த ஆண்டுகளில் ஒரு தோட்டப் பள்ளி எப்படி இருந்தது என்பதற்குப் புள்ளிவிபரம் தேட வேண்டியதில்லை. அந்த இரத்தோட்டைப் பாடசாலையின் பழைய அனுமதி இடாப்பை அதிபர் எனக்குக் காட்டினார். அட்டை போய்விட்டது, முதற் பத்துப் பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. மிஞ்சிய பக்கங்களில் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், லயத்தின் இலக்கம், சேர்ந்த திகதி, விலகிய திகதி, விலகிய காரணம். 1970களின் பக்கங்களில் கடைசி நிரலில் ஒரே கையெழுத்தில் "இந்தியா", "இந்தியா", "இந்தியா" என்று கீழே இறங்கிக்கொண்டே போகிறது. இடையிடையே "வவுனியா". ஓரிடத்தில் "மரணம்". ஒரு வகுப்பே இப்படிக் கரைந்திருக்கிறது. அந்த இடாப்பை வாசிக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. மலையகத்தைப் பற்றிய நூல்கள் பல என் வீட்டில் உண்டு. அவற்றில் எதுவும் அந்த ஒரு நிரலைப்போல என்னைத் தடுத்து நிறுத்தியதில்லை.

தோட்டங்கள் அரசுடைமையான பின், 1977 முதல் பாடசாலைகளும் படிப்படியாக அரசாங்கத்தின் கீழ் வந்தன. நாடெங்கும் எண்ணூறுக்கு மேற்பட்டவை. 1980களின் நடுப்பகுதி தொட்டுச் சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன. தோட்டத்து இளைஞர்களே ஆசிரியர்களாக நியமனம் பெற்றனர். 1990களில் ஜேர்மன் உதவியுடன் பத்தனையில் சிறீபாத கல்வியியற் கல்லூரி இயங்கத் தொடங்கியது. 2003இல் குடியுரிமைச் சட்டம் எஞ்சிய நாடற்றோரையும் பிரசைகளாக்கியது. தரம் நான்கில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஆசிரியையும் ஒரு கொழுந்துக்காரியின் மகள்தான் என்று அதிபர் சொன்னார். இந்த மாற்றத்தைச் சிறிதென்று சொல்லுவோர் பழைய தோட்டப் பள்ளியைக் கண்டிராதவர்கள்.

பாடத்தில்தான் குறை நிற்கிறது. 1972 சீர்திருத்தம் வரலாற்றைச் சமூகக்கல்வியினுள் கரைத்துவிட்டது. 2000களில்தான் அது தரம் ஆறிலிருந்து மீண்டும் தனிப்பாடமாயிற்று. மேல்வகுப்பு நூல்களில் பெருந்தோட்டப் பொருளாதாரம் வருகிறது. கோப்பி வருகிறது, தேயிலை வருகிறது, ரயில்பாதை வருகிறது, தென்னிந்தியத் தொழிலாளரும் வருகிறார்கள். முதலீடு, போக்குவரத்து என்பவற்றோடு மூன்றாவது காரணியாக. அந்தத் தொழிலாளர் மாத்தளை நகரின் நடுவே நடந்தார்கள் என்பதோ, முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் மாசி மகத்தில் ஓடும் நகரத்தின் பக்கத்திலேயே அவர்கள் நடந்த பாதை கிடக்கிறது என்பதோ தரம் நான்குக்குத் தெரிய வழியில்லை. ஆரம்ப வகுப்பின் சுற்றாடல் பாடத்திலோ இடமுண்டு. ஏனெனில் அப்பாடம் ஆசிரியர் தம் பிரதேசத்துக்கேற்ப நிரப்ப வேண்டிய ஒன்று. இரத்தோட்டை ஆசிரியை செய்ததும் அதுவே. அவருக்கு உதவ ஒரு சிறுநூலோ, ஒரு வரைபடமோ கூட இல்லை. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் என்று எழுத்தாளர்களைத் தந்த மாவட்டத்தில் ஒன்பது வயதுப் பிள்ளை வாசிக்கத்தக்க வரலாற்று நூல் ஒன்றை நான் இதுவரை காணவில்லை.

2023இல் ஒரு நல்ல காரியம் நடந்தது. கோப்பித் தோட்டங்களுக்கு முதலாவது கூட்டம் வந்த 1823ஐக் கணக்கிற்கொண்டு, மலையகத்தின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, யூலை 28 அன்று தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி முன்னோர் நடந்த வழியே பதினாறு நாட்கள் நடந்து ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. ஏறத்தாழ 250 கிலோமீற்றர். தமிழரோடு சிங்களவரும் முஸ்லிம்களும் நடந்தார்கள். வழிநெடுகத் தண்ணீர் கொடுத்தவர்களிற் பலர் சிங்களக் கிராமத்தவர்கள். யூலை 28 என்பது புரன் அப்புவின் கூட்டம் மாத்தளைக்குள் நுழைந்த நாளும் கூட. தற்செயல் என்றே நினைக்கிறேன். அந்த நடைபவனியைப் பற்றி வகுப்பிலே ஆசிரியை கேட்டார். மூன்று பிள்ளைகள் கையுயர்த்தினார்கள். தந்தையின் தோள்மீது அமர்ந்து பார்த்ததாக ஒருவன் சொன்னான்.

அடுத்த வாரம் அந்த வகுப்பு, மாவட்ட வரைபடத்தில் தம்புள்ளை முதல் மாத்தளை வரை ஒரு கோடு வரைந்து, அதன் ஓரத்தில் வீட்டிலே கேட்டறிந்தவற்றை எழுதப் போகிறது. அனுமதி இடாப்பை நூலகம் நிறுவனத்தார் போன்ற ஆவணப்படுத்துவோரிடம் சேர்ப்பிக்க அதிபர் சம்மதித்திருக்கிறார். தோட்டப் பள்ளிகள் பலவற்றில் இத்தகைய இடாப்புகளும் சம்பவத்திரட்டுப் புத்தகங்களும் அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கின்றன. கூடலூரிலோ, கோத்தகிரியிலோ, கிளிநொச்சியிலோ, கனடாவிலோ, வேறெங்குமோ இருந்து இதை வாசிப்போருள், மாத்தளைத் தோட்டமொன்றில் படித்து இடையில் விலகியவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள் இருப்பின், தோட்டத்தின் பெயரையும், விலகிய ஆண்டையும், என்ன புத்தகத்தில் எழுத்துக் கற்றீர்கள் என்பதையும் எனக்கு எழுதுங்கள். ஆசிரியையிடம் சேர்ப்பிப்பேன். வரைபடத்தில் வடக்குப் பக்கம் நிறைய இடம் விட்டு வைத்திருப்பதாகச் சொன்னார்.